கர்ணன் போஸ்டரும் 15 பவுண்டு கூப்பனும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். ஒண்ணைப் புடுங்கி முடிச்சு நிமிர்ந்தா அடுத்த ரிலீஸ் வந்து நிக்குது. அதனால இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கும் எழுதற ஐடியா இல்லைதான். ஆனா நேத்து ராத்திரி எங்க டீம் வாட்ஸப் குரூப்ல ஒரு படம் வந்துச்சு பாருங்க, அதுல இருந்து வயித்தெரிச்சல் அடங்கவே இல்லை. எழுதித் தீர்த்துடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க மக்களே.

படத்துல மார்கஸ் ராஷ்போர்டு. மான்செஸ்டர் யுனைடெட் சிவப்புச் சட்டை. தலைக்குப் பின்னாடி சூரியன் மாதிரி ஒரு வெளிச்சம் (யாரோ போட்டோஷாப்ல உசுரக் குடுத்து உழைச்சிருக்காங்க). கீழே கொட்டை எழுத்துல "ஏழைக் குழந்தைகளின் பசி தீர்த்த கலியுகக் கர்ணன்". அதுக்கும் கீழே, தன் சொந்தச் சம்பளத்துல இருந்து லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்னு ஒரு வரி. கடைசியா நம்ம ஊர் கிரிக்கெட் வீரர்களுக்கு ஒரு குத்து: இவங்க கூல்டிரிங்ஸ் விளம்பரத்துல நடிக்கத்தான் லாயக்காம்.

அவ்வளவுதான், குரூப் பத்திக்கிச்சு. ஒருத்தர் கைதட்டல் பொம்மை பத்து போட்டார். இன்னொருத்தர் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்துல சுத்தின ஒரு பட்டியலைத் தோண்டி எடுத்து ஒட்டினார். யார் எவ்வளவு குடுத்தாங்க, யார் குடுக்கலைன்னு மார்க் ஷீட் மாதிரி. அந்தப் புயல்ல வேளச்சேரியில என் ரூமுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. அப்பவும் இதே பட்டியலைத்தான் மொபைல்ல பார்த்துக்கிட்டு இருந்தோம், சார்ஜ் தீர்ற வரைக்கும். மழைத்தண்ணி ஏன் வடியலைன்னு கேட்டவங்களைவிட, எந்த பேட்ஸ்மேன் ஏன் இன்னும் செக் எழுதலைன்னு கேட்டவங்கதான் அதிகம்.

இந்தப் பட்டியல் கலாச்சாரத்தைத்தான் இன்னிக்குக் கும்மப் போறேன். குறிப்பா ராஷ்போர்டை வள்ளலாக்கினதை. ஏன்னா அந்த மனுஷன் செஞ்ச வேலைக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

நடந்தது இதுதான். இங்கிலாந்துல குறைஞ்ச வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல மதியச் சாப்பாடு இலவசம். ஆனா பள்ளி நடக்கிற நாள்லதான். 2020 மார்ச்ல கொரோனாவால ஸ்கூலை மூடினதும் அதுக்குப் பதிலா கூப்பன் குடுத்தாங்க. கோடை லீவு வந்தா அதுவும் நின்னுடும்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. அப்ப ராஷ்போர்டுக்கு 22 வயசு. அம்மா தனியாளா அஞ்சு பிள்ளைகளை வளர்த்தவங்க, குறைஞ்சபட்சக் கூலி வேலை. இவரே அந்த இலவசச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்தான். மார்ச்லயே ஃபேர்ஷேர்னு ஒரு அமைப்போட சேர்ந்து, வீட்டுல முடங்கின பிள்ளைகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர நிதி திரட்டினார். தன் பணமும் போட்டார். ஜூன் வாக்குல திரண்டது சுமார் 2 கோடி பவுண்டு. வேற யாரா இருந்தாலும் இதோட போட்டோ எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க.

இவர் போகலை. 2020 ஜூன் 15ஆம் தேதி எல்லா எம்.பி.க்களுக்கும் ஒரு திறந்த கடிதம் எழுதினார். லீவுலயும் கூப்பன் குடுங்கன்னு கேட்டார். அன்னிக்கு அரசாங்கம் முடியாதுன்னுச்சு. மறுநாள், 16ஆம் தேதி, குடுக்கிறோம்னுச்சு. தலைக்கு வாரம் 15 பவுண்டு, ஆறு வாரம், சுமார் 13 லட்சம் பிள்ளைகள். மொத்தம் 12 கோடி பவுண்டு.

பொட்டி தட்டுற பய நான், கணக்குப் போடாம இருக்க முடியலை. 13 லட்சம் பிள்ளைகளுக்குத் தலைக்கு 15ன்னா வாரத்துக்கு 1 கோடியே 95 லட்சம் பவுண்டு. ராஷ்போர்டோட சம்பளம் அப்ப பத்திரிகைக்காரங்க எழுதினபடி வாரம் 2 லட்சம் பவுண்டு. வருஷத்துக்கு 1 கோடி சொச்சம். அதாவது, ஒரு வருஷச் சம்பளத்தை ஒரு பைசா எடுத்துக்காம அப்படியே கொட்டியிருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு நாலு நாள் தாங்காது. வரி போக மீதின்னு பார்த்தா ரெண்டு நாள். மூணாவது நாள் கர்ணனும் பட்டினி, பிள்ளைகளும் பட்டினி.

நாலு நாளை நாப்பத்திரண்டு நாளாக்கினது அவர் பர்ஸ் இல்லை, அந்தக் கடிதம். அது யார் பணம்? அந்த ஊர் மக்களோட வரிப்பணம். யார் வேலை? அரசாங்கத்தோட வேலை. அந்த வேலையை ஒழுங்காச் செய்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்டவரை, "தன் சம்பளத்துல சோறு போட்ட வள்ளல்"னு போஸ்டர் அடிச்சா, சட்டையைப் பிடிச்ச கையை மட்டும் கவனமா அழிச்சுட்டோம்னு அர்த்தம். போஸ்டர்ல அரசாங்கம்ங்கிற வார்த்தையே இல்லை, பார்த்தீங்களா? இதுல உள்குத்து எதுவும் இல்லைன்னே வெச்சுக்குவோம். ஆனா நமக்கு அந்தக் கதைதான் பிடிக்குது. பணக்காரன் மனசு இளகினான், ஏழை வயிறு நிறைஞ்சது, சுபம். பாரி முல்லைக்குத் தேர் குடுத்ததைப் பாட்டாப் படிச்சு வளர்ந்த கூட்டம் இல்லையா நாம. பறம்பு மலையில வரி எவ்வளவு, யார் கட்டினாங்கன்னு எந்தத் தமிழ் வாத்தியாரும் பரீட்சையில கேட்டதில்லை :)

சரி, குடுக்கிறவனுக்கும் கேக்கிறவனுக்கும் என்ன மரியாதை கிடைக்குதுன்னு பாருங்க. இதுக்கு அந்த 2020ஐ விட நல்ல உதாரணம் கிடையாது.

ஏப்ரல் 2ஆம் தேதி. இங்கிலாந்து சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக் டிவியில வந்து பேசறார். ஆஸ்பத்திரிகள் தவிக்குது, பாதுகாப்புக் கவசம் பத்தலைன்னு நர்ஸுங்க கதறுறாங்க. அந்த நேரத்துல, பிரீமியர் லீக் கால்பந்து வீரர்கள் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டுத் தங்கள் பங்கைச் செய்யணும்னு சொல்றார். லண்டன்ல எத்தனை பேங்க் முதலாளி, எத்தனை ஃபண்ட் மேனேஜர், எத்தனை கம்பெனித் தலைவர் இருக்கான்? ஒருத்தன் பேரும் வரலை. அந்த கிளப்புகளை வெச்சிருக்கிற கோடீஸ்வர முதலாளிங்க பேரும் வரலை. டாட்டன்ஹாமும் லிவர்பூலும் தங்கள் சாதாரண ஊழியர்களோட சம்பளத்தை அரசாங்கத் தலையில கட்டப் பார்த்தது அதே சமயத்துலதான். ஊர் காறித் துப்பினப்புறம்தான் பின்வாங்கினாங்க. அமைச்சர் கண்ணுல பட்டது பந்து உதைக்கிற பசங்க மட்டும்தான். அந்தப் பசங்கள்ல பாதிப் பேர் எங்கே இருந்து வந்தாங்க, என்ன நிறம், எந்தத் தெருன்னு பார்த்தா, விரல் ஏன் அந்தப் பக்கம் நீண்டுச்சுன்னு புரியும்.

வீரர்கள் சங்கம் ஒரு பதில் சொல்லுச்சு, அந்த வருஷத்துல எனக்குப் பிடிச்ச அறிக்கை அதுதான். கிளப்புகள் கேட்ட மாதிரி 30 சதவீதம் வெட்டினா 12 மாசத்துல 50 கோடி பவுண்டுக்கு மேல சம்பளம் குறையும், அதனால அரசாங்கத்துக்கு வர வேண்டிய வரி 20 கோடி பவுண்டுக்கு மேல போயிடும், அந்த வரியிலதான் உங்க ஆஸ்பத்திரி ஓடுது, யோசிச்சீங்களா அமைச்சரேன்னு. ஆசாமிகிட்ட பதில் இல்லை. வீரர்கள் வெட்டுக்கும் ஒத்துக்கலை, கஞ்சன் பேரும் வாங்கலை. லிவர்பூல் கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சன் முன்னாடியே மத்த கேப்டன்களோட பேசிக்கிட்டு இருந்தார். ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாரும் சேர்ந்து ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. பணம் முதலாளி கைக்குப் போகாம நேரா ஆஸ்பத்திரி அறக்கட்டளைகளுக்குப் போச்சு. யார் எவ்வளவுன்னு பட்டியல் போடலை. (நம்ம குரூப்காரங்களுக்கு இதுல ருசியே இருக்காது.)

கொசுறா ஒண்ணு. அந்த மேட் ஹேன்காக் 2021 ஜூன்ல, தான் போட்ட சமூக இடைவெளி விதியைத் தானே மீறி மாட்டிக்கிட்டு ராஜினாமா பண்ணார். 2022 நவம்பர்ல எம்.பி.யா இருக்கும்போதே காட்டுக்குள்ள புழு பூச்சி திங்கிற ரியாலிட்டி ஷோவுக்குப் போனார். அதுல வாங்கினது 3 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு. தானம் பண்ணது 10 ஆயிரம் பவுண்டு. நூத்துக்கு மூணு. அடுத்தவன் சம்பளத்துல முப்பது, தன் சம்பளத்துல மூணு!

திரும்ப ராஷ்போர்டுக்கு வர்றேன். நிதி திரட்டின வரைக்கும் எல்லாக் கட்சிக்காரனுக்கும் அவர் செல்லப்பிள்ளை. 2020 அக்டோபர்ல எம்.பி.இ. பட்டம்கூடக் குடுத்தாங்க. அதே அக்டோபர்ல அவர், மத்த லீவுகளுக்கும் இதைத் தொடருங்கன்னு கேட்டார். பத்து லட்சத்துக்கு மேல கையெழுத்து. அக்டோபர் 21ஆம் தேதி பார்லிமெண்டுல ஓட்டெடுப்பு. எதிர்த்து 322, ஆதரிச்சு 261. தோத்துப் போச்சு. அடுத்த நாள்ல இருந்து ஊர் ஊரா டீக்கடை, பிட்சாக் கடை, நகராட்சின்னு நாங்க சாப்பாடு போடுறோம்னு கிளம்பினாங்க. ராஷ்போர்டு ராத்திரி முழுக்க அந்தக் கடைப் பேரையெல்லாம் ட்விட்டர்ல பகிர்ந்துக்கிட்டே இருந்தார். நவம்பர்ல பிரதமர் போரிஸ் ஜான்சனே போன் போட்டு இறங்கி வந்தார். குளிர்காலத்துக்குன்னு 17 கோடி பவுண்டு ஒதுக்கினாங்க.

இப்ப மாறுது பாருங்க டியூன். அதே நவம்பர்ல ஒரு பெரிய பத்திரிகை, பசியைப் பத்திப் பேசுற ராஷ்போர்டு அஞ்சு சொகுசு வீடு வாங்கியிருக்கார், மதிப்பு 20 லட்சம் பவுண்டுக்கு மேலன்னு எழுதுச்சு. உழைச்ச காசுல வீடு வாங்கினது குத்தமாம். சும்மா நிதி மட்டும் திரட்டிக்கிட்டு இருந்தப்ப வீட்டை யாரும் எண்ணலை. கேள்வி கேட்டதும் எண்ணிட்டாங்க. 2021 ஜூலை 11 யூரோ ஃபைனல்ல பெனால்டியைக் கம்பத்துல அடிச்சார். உடனே ஆளுங்கட்சி எம்.பி. ஒருத்தர், அரசியல் பண்ற நேரத்துல ஆட்டத்தைப் பழகியிருக்கலாம்னு தன் சகாக்களுக்கு மெசேஜ் அனுப்பினார். அது வெளியே வந்து மன்னிப்புக் கேட்டது தனிக்கதை. மான்செஸ்டர்ல வித்திங்டன் பகுதியில சுவர்ல வரைஞ்சிருந்த அவர் முகத்து மேல எவனோ கிறுக்கினான். ஊர்ச் சனங்க, சின்னப் பிள்ளைங்க உட்பட, வந்து அந்தக் கிறுக்கல் தெரியாத அளவுக்குச் சீட்டு எழுதி ஒட்டினாங்க.

ஆக, சோறு போட்டா மகராசன். சோறு ஏன் இல்லைன்னு கேட்டா, போய் பந்தை உதைடா. இதுதான் எல்லா ஊர்லயும் சட்டம். அதனாலதான் வீரர்களோட வள்ளல்தன்மையை அளக்கிற அளவுகோல் பணம் இல்லைன்னு சொல்றேன். கோடி ரூபாய் சம்பாதிக்கிறவன் லட்சம் குடுக்கிறதுல அவனுக்கு என்ன போச்சு? ஆடிட்டர்கிட்ட ஒரு போன். ஆனா பேரு, ரசிகர் கூட்டம், ஸ்பான்சர், டீம்ல இடம், இதையெல்லாம் பணயம் வெச்சு ஒரு கேள்வி கேக்கிறான் பாருங்க, அதுலதான் கை நடுங்கும்.

பணத்தை மட்டும் எண்ணினா எப்படி ஏமாறுவோம்னும் சொல்லணும். மூணாங்கிளாஸ் நாலாங்கிளாஸ் படிக்கும்போது எங்க ஸ்கூல் வாசல்ல மஞ்சள் ரப்பர் வளையம் வித்தாங்க, அஞ்சு ரூபாய். கையில மாட்டிக்கிட்டா கெத்து. அது லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கோட லிவ்ஸ்ட்ராங் வளையத்துக்கு நம்ம ஊர் டூப்ளிகேட்டுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கேன்சரை ஜெயிச்சு சைக்கிள் ஓட்டினவர், 1997ல புற்றுநோயாளிகளுக்காக அறக்கட்டளை ஆரம்பிச்சவர். 2004ல வந்த அந்த ஒரு டாலர் வளையம் கோடிக்கணக்குல வித்துச்சு. அந்தக் காசு நிஜமாவே நோயாளிகளுக்குப் போச்சு, அதுல பொய் இல்லை. ஆனா ஊக்க மருந்து பத்தி எவனாவது வாயைத் திறந்தா, கேன்சர் நோயாளிகளோட நம்பிக்கையைக் குலைக்கிறியான்னு அதே வளையம்தான் கேடயமா வந்து நின்னுச்சு. 2012ல ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டமும் பறிபோச்சு, அறக்கட்டளைத் தலைவர் பதவியை விட்டார், 2013 ஜனவரியில ஓப்ரா வின்ஃப்ரே முன்னாடி உக்காந்து ஒத்துக்கிட்டார். அதே வருஷம் ஈ.எஸ்.பி.என். நிருபர்கள் பிரபல வீரர்கள் ஆரம்பிச்ச 115 அறக்கட்டளைகளைத் துருவினாங்க. அதுல 74 சதவீதம், ஒழுங்கா நடத்துறதுக்கான அளவுகோல்கள்ல ஒண்ணுலயாவது தேறலை. மாமன் மச்சானுக்குச் சம்பளம், பார்ட்டிக்குச் செலவு, நிர்வாகம் பூஜ்யம், இப்படி.

ரொனால்டோ கதை இன்னும் தமாஷ். 2020 மார்ச்ல, போர்ச்சுகல்ல தன் ஹோட்டலையெல்லாம் ஆஸ்பத்திரியா மாத்திட்டார்னு ஒரு ஃபார்வர்டு உலகம் முழுக்கச் சுத்துச்சு. எங்க சித்தப்பா வரைக்கும் வந்துச்சு. சுத்தப் பொய். அந்த ஹோட்டல்காரங்களே இல்லைன்னுட்டாங்க. அவரும் அவர் ஏஜெண்டும் லிஸ்பன், போர்ட்டோ ஆஸ்பத்திரிகள்ல தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நிஜமாவே உதவினாங்க. அந்தச் செய்தி சித்தப்பாவுக்கு வரலை. 2019 ஜனவரியில மாட்ரிட் கோர்ட்ல, ஸ்பெயின்ல விளையாடின காலத்து வரி மோசடிக் குத்தத்தை ஒத்துக்கிட்டு 1 கோடியே 88 லட்சம் யூரோ கட்டினார். அந்தச் செய்தியும் வரலை. ஆஸ்பத்திரிக்கு வேண்டியது வரி. அதை ஏய்ச்சுட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கே தானம்னா, அது என் பைக்கைத் தூக்கிட்டுப் போனவன் எனக்கு லிஃப்ட் குடுக்கிற மாதிரி.

இதைப் படிச்சுட்டு ஒருத்தர் பின்னூட்டத்துல கட்டாயம் கேப்பார்: "அப்ப குடுக்கவே வேண்டாங்கிறீங்களா தம்பி?" ஐயா, தாராளமாக் குடுக்கட்டும். நல்ல விஷயம். நான் எண்ண மாட்டேன், அவ்வளவுதான். குடுக்காதவனைத் திட்டவும் மாட்டேன். 2020 மார்ச்ல நம்ம ஊர்ல தோனிக்கு நடந்துச்சே. புனேல ஒரு அமைப்புக்கு 1 லட்சம் குடுத்தார்னு ஒரு செய்தி. 1 லட்சமா, இவ்வளவு பெரிய ஆளு இவ்வளவுதானான்னு ரெண்டு நாள் கழுவி ஊத்தினாங்க. இந்த நேரத்துல பொய்ச் செய்தி போடாதீங்கன்னு அவர் மனைவி சாக்‌ஷி ட்விட்டர்ல கண்டிக்க வேண்டியதாப் போச்சு. அதே வாரம்தான் லட்சக்கணக்கான கூலித் தொழிலாளிங்க டெல்லியில இருந்து மூட்டை முடிச்சோட நடக்க ஆரம்பிச்சாங்க. பஸ்ஸை ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்காம தோனி ஏன் 1 லட்சம்தான் குடுத்தார்னு கேட்டோம் பாருங்க, நம்மளை என்னன்னு சொல்ல!

கேள்வியும் கேட்டு, அதுக்கு உசுரையும் குடுத்தவர் ஒருத்தர் உண்டு. பேஸ்பால் நம்மில் பல பேருக்குப் புரியாது, எனக்கும்தான். ராபர்டோ கிளெமெண்டேன்னு பியூர்ட்டோ ரிக்கோ வீரர். பிட்ஸ்பர்க் அணி. 1972 டிசம்பர் 23ஆம் தேதி நிகராகுவா தலைநகர் மனாகுவாவுல பயங்கர நிலநடுக்கம். சில வாரம் முன்னாடிதான் ஒரு போட்டிக்காக அந்த ஊர்ல தங்கியிருந்துட்டு வந்தவர். உடனே நிவாரணப் பொருள் திரட்டி விமானத்துல அனுப்பினார். அனுப்பினதை அங்கே சர்வாதிகாரி சொமோசாவோட ராணுவம் மடக்கி அமுக்குதுன்னு தகவல் வருது. நம்மளா இருந்தா என்ன செய்வோம், அனுப்பினது அனுப்பினதுதான், ரசீது இருக்குன்னு விட்டுடுவோம். அவர், நான் கூடப் போய் நின்னா எவன் தொடுறான் பார்க்கிறேன்னு அடுத்த விமானத்துல தானே ஏறினார். டிசம்பர் 31 ராத்திரி. அளவுக்கு மீறி பாரம் ஏத்தின பழைய டி.சி.-7. கிளம்பின கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துச்சு. உடம்பு கிடைக்கவே இல்லை. 38 வயசு. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் தன்னோட 3000ஆவது ஹிட்டை அடிச்சிருந்தார். அந்த எண்ணிக்கை அப்படியே 3000ல நின்னு போச்சு. அவர் என்ன தொகை குடுத்தார்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?

இவ்வளவு பெரிசா வேண்டாம், சின்னதா ஒண்ணு. 2018ல 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஜெயிச்சதும் பி.சி.சி.ஐ. கோச் டிராவிடுக்கு 50 லட்சம், உதவியாளர்களுக்கு 20 லட்சம்னு அறிவிச்சுது. எல்லாரும் ஒரே வேலைதானே பார்த்தோம், எதுக்கு வித்தியாசம்னு டிராவிட் கேட்டார். கடைசியில எல்லாருக்கும் 25 லட்சம், அவருக்கும் 25 லட்சம். பாதியை விட்டுக் குடுத்தார். 2024 டி20 உலகக் கோப்பைக்கு அப்புறம் 5 கோடிக்குப் பதிலா மத்த பயிற்சியாளர்கள் மாதிரியே இரண்டரை கோடி போதும்னார். இது எந்த தானப் பட்டியல்லயும் வராது. ஏன்னா இதுல ஏழை இல்லை, கண்ணீர் இல்லை, செக்கைப் பெரிசா பிரிண்ட் பண்ணித் தூக்கிப் பிடிக்கிற போட்டோ இல்லை. மசாஜ் பண்றவர் வீட்டு பேங்க் பாஸ்புக்ல ஒரு வரி, அவ்வளவுதான். அப்ரைசல் மாசத்துல என் மேனேஜர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டிராவிட் ஞாபகம் வரும். (மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, தைரியமா எழுதலாம் :))

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்கலாம். சொல்றேன்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன். அலுமினியத் தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிப்போம். ஆயாம்மா கரண்டியோட "தட்டைக் கிட்ட காட்டுடா எருமை"ன்னு கத்துவாங்க. முட்டை போடுற நாள்ல வரிசை ஒழுங்கா இருக்கும், மத்த நாள்ல இருக்காது. சோறு குழைஞ்சு போச்சுன்னு நாங்க குறை சொல்வோம். சாம்பார்ல பருப்பைத் தேடணும்னு நக்கல் அடிப்போம். யாருக்கும் நன்றி சொன்னதா ஞாபகமே இல்லை. 1956ல காமராஜர் ஆரம்பிச்சார், 1982ல எம்.ஜி.ஆர். விரிவாக்கினார், 2022ல காலைச் சாப்பாடும் சேர்ந்துச்சுங்கிறதெல்லாம் பின்னாடி படிச்சது. அந்த வயசுல எங்களுக்கு அது ஸ்கூல் மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு, இருக்கும், அவ்வளவுதான். மே மாசத்துல கிடையாது. மே மாசம் எங்க வீட்டுல எப்படி ஓடுச்சுன்னு எழுத மாட்டேன், அம்மா இதைப் படிக்கிறாங்க.

ஏழாங்கிளாஸ்ல ஒரு நாள், ஒரு அமைப்புல இருந்து நோட்டுப் புத்தகமும் ஜாமெட்ரி பாக்ஸும் குடுக்க வந்தாங்க. பத்து மணியில இருந்து மைதானத்துல வெயில்ல உக்கார வெச்சாங்க. சிறப்பு விருந்தினர் பன்னெண்டரைக்கு வந்தார். ஒவ்வொருத்தனா மேடை ஏறி, ரெண்டு கையால வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். என் முறை வந்தப்ப போட்டோகிராஃபர் ரோல் மாத்திக்கிட்டு இருந்தார் போல, படம் விழலை. பாக்ஸைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. திரும்பவும் கீழே இறங்கி, திரும்பவும் ஏறி, திரும்பவும் வாங்கினேன். "நல்லாச் சிரிடா"ன்னார் வாத்தியார். அந்த பாக்ஸ்ல இருந்த காம்பஸ் எனக்குப் பத்தாங்கிளாஸ் வரைக்கும் உழைச்சுது, நல்ல காம்பஸ். குடுத்தவர் கெட்டவர் இல்லை. ஆனா அன்னிக்கு மதியம் தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னு, ஆயாம்மாகிட்ட எருமைன்னு திட்டு வாங்கினப்ப வந்த நிம்மதி இருக்கே... அதை இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாருக்கும் விளக்கத் தெரியலை.

ராஷ்போர்டு கேட்டது அந்தத் தட்டை. நம்மாளுங்க போஸ்டர்ல அவரை அந்த மேடையில ஏத்திச் சிறப்பு விருந்தினரா உக்கார வெச்சுட்டாங்க.

அவர் ஒண்ணும் புனிதர் இல்லைன்னும் சொல்லிடறேன், இல்லைன்னா யாராவது லிங்கோட வருவீங்க. 2024 ஜனவரியில பெல்ஃபாஸ்ட்ல நைட் கிளப்புக்குப் போயிட்டு, உடம்பு சரியில்லைன்னு பயிற்சிக்கு மட்டம் போட்டார்னு செய்தி வந்துச்சு. ஃபார்மும் போச்சு, 2025 ஆரம்பத்துல லோன்ல ஆஸ்டன் வில்லாவுக்கு அனுப்பிட்டாங்க. வள்ளலா நினைச்சவங்களுக்கு அது ஏமாற்றம். எனக்கு இல்லை. கூப்பன் வாங்கின பிள்ளை யாரும் அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார்னு பார்த்து வாங்கலை.

நேத்து ராத்திரி குரூப்ல இதையெல்லாம் சுருக்கி நாலு வரி போட்டேன். வாரம் 1 கோடியே 95 லட்சம் கணக்கையும் போட்டேன். அஞ்சு நிமிஷம் யாரும் பேசலை. அப்புறம் பட்டியல் ஒட்டின அண்ணன், ரொம்ப மரியாதையா, "அதெல்லாம் சரி தம்பி, மிக்ஜாமுக்கு நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"ன்னார்.

சொல்லலை. காலையில அவரைப் பார்த்தேன், காபி மெஷின்கிட்ட. முகத்தைத் திருப்பிக்கிட்டார். மதியம் ரெண்டு பேருக்கும் ஒரே மீட்டிங்.

டிஸ்கி: நான் டிராவிட் கட்சி. தோனிக்கு வக்காலத்து வாங்கினதா நினைச்சு எங்க கட்சிக்காரங்க யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.